மணிக்கட்டைப் புடிச்ச கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவல் தேவதைன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு கொஞ்ச நாளா உங்க வாசகர் கடிதம் பகுதியில ஆளாளுக்கு எழுதிட்டு இருக்காங்க. இல்லைன்னு சொல்றவங்க சொல்ற காரணம் எல்லாமே எனக்கு சரின்னுதான் படுது, ஏன்னா நானும் அந்தக் கட்சிதான், ஜோசியம் சகுனம் எதையும் பார்க்கறதில்ல, யாராவது வந்து ஒரு அதிசயம் நடந்துச்சுன்னு ஆரம்பிச்சா நீ கண்ணால பார்த்தியா, கூட யார் இருந்தா, அப்போ மணி என்னன்னு நோண்டி நோண்டிக் கேக்கற ஆளு. அப்படிப்பட்ட நான் எனக்கு ஒரு காவல் தேவதை இருக்குன்னு நம்பறேன். ஒம்பது வருஷமா நம்பறேன், என் மனைவியைத் தவிர யார்கிட்டயும் சொன்னதில்ல.

நான் எலக்ட்ரீஷியன். பெரிய மெஷினுங்களுக்கு கரண்ட் போற பேனல் வேலை. இந்தத் தொழில்ல தானா ஆச்சுங்கற பேச்சுக்கே இடமில்ல, ஒரு ஃப்யூஸ் போச்சுன்னா ஏன் போச்சுன்னு கண்டுபுடிக்காம புதுசு போட்டா அதுவும் போயிடும். அதனால எனக்கு நடந்ததையும் அந்த மாதிரியே சொல்றேன், கூட்டாம குறைக்காம.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போக முடியல, ஒரு கான்டாக்டர், அதாவது மெஷினுக்குக் கரண்டை விட்டு நிறுத்தற சுவிட்ச், கருகிப் போயிருந்துச்சு, மாத்தணும். மெயின் பிரேக்கரை நானே ஆஃப் பண்ணேன், பூட்டும் போட்டேன். தொடறதுக்கு முன்னாடி கரண்ட் இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்க்கணும், அதுதான் முதல் பாடம், புதுசா வர்ற பசங்களுக்கு நானே சொல்லிக் குடுக்கறது. அன்னைக்கு நான் வைக்கல. தூக்கம், அவசரம், எதைச் சொன்னாலும் தப்பு என்னோடதுதான். வலது கைய உள்ள விட்டு ஒயரைப் புடிக்கப் போறேன், இன்னும் நாலு விரக்கடைதான் இருக்கும், அப்போ என் மணிக்கட்டை யாரோ புடிச்சாங்க. இறுக்கமா இல்ல. ரோட்டுல ஓடப் போற குழந்தைய பெரியவங்க புடிச்சு நிறுத்துவாங்களே அந்த மாதிரி, வெதுவெதுன்னு, கட்டைவிரல் எந்தப் பக்கம் அழுத்துச்சுன்னு கூட இன்னைக்கு வரைக்கும் எனக்கு மறக்கல. என்னப்பான்னு எரிச்சலோட திரும்பினேன். ஹெல்பர் பையன் பத்தடி தள்ளி டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். என்னண்ணேன்னு அவன் என்னைத் திருப்பிக் கேக்கறான்.

மீட்டரை எடுத்து வச்சேன், 230 வோல்ட் காட்டுச்சு. மெஷினுக்குப் போற லைன்தான் ஆஃப் ஆகியிருந்துச்சு, அந்த சுவிட்சை இயக்கற தனி கரண்ட், கண்ட்ரோல் சப்ளைன்னு சொல்லுவோம், வேற ஒரு பேனல்ல இருந்து வந்துட்டு இருந்திருக்கு, ஒயரிங் டிராயிங்ல அது இல்லவே இல்ல. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். அந்தப் பையன் தண்ணி கொண்டு வந்து குடுத்தான், எதுவும் கேக்கல.

அப்புறம் விடுவேனா, காரணம் தேட ஆரம்பிச்சேன், கிடைக்கவும் கிடைச்சுது. 1916-ல ஷாக்கிள்டன்னு அண்டார்டிகா பயணம் போனவரு, தன் கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு சவுத் ஜார்ஜியா தீவோட பனி மலைய 36 மணி நேரம் நடந்தே கடந்தாரு, போனது மூணு பேரு, ஆனா நாலாவதா ஒருத்தர் கூடவே வந்த மாதிரி இருந்துச்சுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. ஃபிராங்க் ஸ்மைத்னு ஒரு மலையேறி, 1933-ல எவரெஸ்ட் உச்சிக்குக் கொஞ்சம் கீழ தனியா இருந்தவரு, பையில இருந்த இனிப்பை உடைச்சு பாதியை பக்கத்துல இருக்கற ஆளுக்குக் குடுக்கத் திரும்பியிருக்காரு, பக்கத்துல யாருமே இல்ல. லிண்ட்பெர்க்னு ஒரு விமானி 1927-ல நியூயார்க்ல இருந்து பாரிசுக்குத் தனியா 33 மணி நேரத்துக்கு மேல விமானம் ஓட்டினாரு, பின்னாடி உருவங்கள் இருந்து பேசுச்சு, தைரியம் சொல்லுச்சுன்னு விவரமா எழுதினது 1953-ல. 26 வருஷம்! இதைப் படிச்சப்போ அந்த மனுஷன் மேல எனக்கு ஒரு பாசமே வந்துடுச்சு.

விஞ்ஞானிங்களும் சும்மா இல்ல. 2006-ல ஓலாஃப் பிளாங்கேங்கற மூளை டாக்டரும் அவர் குழுவும் வலிப்பு நோய் இருந்த ஒரு பொண்ணோட மூளையில காதுக்கு மேல இருக்கற ஒரு இடத்துல லேசா கரண்ட் குடுத்தாங்க, உடனே தனக்குப் பின்னாடி நிழல் மாதிரி ஒரு ஆள் இருக்கறதா அவங்க சொன்னாங்க. கரண்ட் குடுத்தா வரும், நிறுத்தினா போயிடும். நம்ம உடம்பு எங்க இருக்குன்னு மூளை போடற கணக்கு குழம்பும்போது நம்மளையே இன்னொரு ஆளா உணர்றோங்கறதுதான் விளக்கம். கரண்டைப் பத்தித் தெரிஞ்சவன் நான், இதுக்கு மறுப்பு சொல்ல மாட்டேன். ராத்திரி பூரா தூங்காத மூளை, பேனலுக்குள்ள ஏதோ சின்னதா உறுமற சத்தம் காதுல விழுந்திருக்கும், அதை மூளை ஒரு கையா மாத்திக் காட்டியிருக்கும். இருக்கலாம், நல்லாவே இருக்கலாம்.

ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு கிட்ட ஒரு கார்டைக் குடுத்து படிக்கச் சொன்னப்போ அந்த நிழல் கார்டைப் புடுங்கப் பார்த்துச்சாம், படிக்க விடலையாம். என்னைப் புடிச்ச கை அப்படி இல்ல. சாக்ரடீசுக்கு சின்ன வயசுல இருந்தே ஒரு குரல் கேக்குமாம், அது ஒருநாளும் இதைச் செய்னு தூண்டினது கிடையாதாம், தப்பான காரியத்துல இறங்கப் போனா தடுக்க மட்டும் செய்யுமாம். அதைப் படிச்சதும் என் கண்ணு தானா மணிக்கட்டுக்குத்தான் போச்சு. மூளையில எந்த ஒயர் வழியா வந்துச்சுன்னு சொல்லிட்டாங்க, அது சரி, ஒயர் எங்கன்னு தெரிஞ்சா போதுமா, சப்ளை எங்க இருந்து வருதுன்னு பார்க்க வேண்டாமா, அன்னைக்கு நான் சாகப் பார்த்ததே அந்த ஒரு கேள்வியைக் கேக்காததாலதானே.

இவ்வளவு எழுதறவன் ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேப்பீங்க. நாலு வருஷம் முன்னாடி என் நண்பன் ஒருத்தன் போயிட்டான். என் கூடவே வேலை கத்துக்கிட்டவன், என்னை விட நிதானமானவன், நான் செஞ்ச அதே தப்பை அவன் ஒரே ஒரு தடவை செஞ்சான். அவன் மணிக்கட்டை யாரும் புடிக்கல. துக்கத்துக்கு வந்த ஒருத்தர் அவன் மனைவிகிட்ட எல்லாம் மேல இருக்கறவன் கணக்கு, நம்மளைப் பார்த்துக்க ஆள் இருக்கும்மான்னு ஆறுதலாத்தான் சொன்னாரு. அவங்க நிமிர்ந்து பார்த்து, அப்போ அவரைப் பார்த்துக்க யாரும் இல்லையான்னு கேட்டாங்க. அந்த ஹால்ல யாரும் வாயைத் திறக்கல. எனக்கு வலது கைய எங்க வச்சுக்கறதுன்னே தெரியாம பின்னாடி மறைச்சுக்கிட்டேன்.

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. எனக்கு இருந்தது அவனுக்கும் இருந்திருக்கணும். இதுக்காக என் நம்பிக்கையை விட்டுடலாம்னு பல ராத்திரி முயற்சி பண்ணிப் பார்த்திருக்கேன், முடியல, அந்தக் கை நிஜமாத்தான் இருந்துச்சு. அதனால இந்தப் பகுதியில எழுதற ரெண்டு பக்கத்துக்காரங்ககிட்டயும் கேட்டுக்கறேன், நம்பறவனை முட்டாள்னு எழுதாதீங்க, அவனும் உங்களை மாதிரி எல்லாத்தையும் நோண்டிப் பார்த்தவனா இருக்கலாம். நம்பறவங்க, பறிகொடுத்தவங்க முன்னாடி உங்க அதிசயத்தைச் சொல்லாதீங்க, தயவுசெஞ்சு. அப்புறம் தேவதை இருக்குன்னு மீட்டர் வைக்காம இருந்துடாதீங்க, நான் இப்போ ரெண்டு தடவை வைக்கறேன், ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவனுக்கு.

என் பேரைப் போட வேண்டாம் சார். வெக்கப்பட்டுச் சொல்லல. அவன் வீட்டுலயும் உங்க பேப்பர்தான் வாங்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்