கரை கடந்த இடம் சரி, எங்கள் கணக்கு எங்கே?

வானிலை அறிவிப்பும் பேரிடர் மேலாண்மையும் பார்க்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பருவமழை முடிந்ததும் நீங்கள் கணக்குப் பார்ப்பீர்கள். எத்தனை புயல், எது எங்கே கரை கடந்தது, சொன்ன இடத்துக்கும் கடந்த இடத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் வித்தியாசம். அந்த வித்தியாசம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. மறுக்கவில்லை, பாராட்டுகிறோம். ஆனால் வடசென்னையில் எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம் பிழைப்பவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

2023இல் மிக்ஜாம் புயல் டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகே கரை கடந்தது. ஆந்திராவுக்குத்தான் போகும் என்றீர்கள், போனது. அதற்கு முன் சென்னைக்கு எதிரே கடலில் ஆமை வேகத்தில் நகர்ந்த 3, 4 தேதிகளில்தான் நாங்கள் மூழ்கினோம். எண்ணூர் முகத்துவாரத்தில் மழைத்தண்ணீரோடு எண்ணெயும் வந்ததை நீங்களே பார்த்தீர்கள். 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. அதுவும் சொன்ன எல்லைக்குள்தான். கடந்த பிறகு நகராமல் நின்று விழுப்புரத்தையும் ஊத்தங்கரையையும் என்ன பாடு படுத்தியது! 2025இல் டிட்வா இலங்கையைச் சிதைத்துவிட்டு வந்தது. இங்கே வரும்போது புயலே இல்லை, வலுவிழந்துவிட்டது. அந்த வலுவிழந்ததுதான் டிசம்பர் 1 அன்று சென்னையில் கொட்டித் தீர்த்தது.

மூன்றுமே சென்னையில் கரை கடக்கவில்லை. உங்கள் கணக்கில் மூன்றும் நமக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2024 அக்டோபர் 16 அன்று சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை நிறுத்தினார்கள். சொன்ன அளவுக்கு மழை வரவில்லை, காரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஃபைபர் படகு வைத்திருப்பவனுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. "கடலுக்குப் போக வேண்டாம்" என்றதும் படகைக் கரையேற்றி, இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். வலையையும் உயரத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம் காத்திருப்பு. வெயில் அடிக்கும், கடல் அமைதியாகத் தெரியும், எச்சரிக்கை மட்டும் நாளுக்கு நாள் நீளும். உயிர் முக்கியம், தடையை நாங்கள் மீறச் சொல்லவில்லை. ஆனால் படகு போகாத நாளில் மீன் விற்கும் பெண்களுக்கும் கூலி இல்லை, ஐஸ் உடைப்பவருக்கும் இல்லை. கடன் தவணை வசூலிக்கும் தண்டல்காரர் மட்டும் தவறாமல் வருவார். அவருக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ஒன்றுதான். இப்படி இழந்த நாட்களில் எத்தனை உண்மையிலேயே ஆபத்தானவை, எத்தனை வீணாகப் போனவை என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு பருவம் முடிந்ததும் பகுதிவாரியாக, தமிழில், ஓர் அறிக்கை வெளியிடுங்கள். எண்ணூருக்கு, மணலிக்கு, காசிமேட்டுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு மழை என்று சொன்னீர்கள், எவ்வளவு பெய்தது, மீனவர் எச்சரிக்கை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, காற்று உண்மையில் எவ்வளவு வீசியது. புயல்வாரியான ஆங்கில அறிக்கைகள் இருப்பது தெரியும். அதை வைத்துக் குப்பத்தில் யார் என்ன செய்வது?

சென்னை மழை என்றால் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு பெயர்தான் செய்தியில் வருகிறது. எண்ணூரிலும் மழைமானி இருக்கிறது ஐயா. அனல்மின் நிலையம், சாம்பல் குளம், துறைமுகம், பெட்ரோல் டேங்க் என்று எதை வைப்பதானாலும் வடசென்னை ஞாபகத்துக்கு வருகிறது. மழைக் கணக்கு எழுதும்போது மட்டும் மறந்துபோகிறது.

சரி, கோபத்தை விடுகிறோம். கணிப்பு தவறுவது குற்றமில்லை. வங்கக் கடல் யாருக்கும் கட்டுப்படாது, அது உங்களைவிட எங்களுக்குத் தெரியும். எங்கே தவறியது என்பதை எங்கள் பகுதியின் பெயர் போட்டு, தமிழில் எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த அக்டோபருக்கு முன் மீனவர் சங்கங்களுக்கும் வார்டு அலுவலகங்களுக்கும் அது வந்து சேர தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் குப்பத்திலிருந்து ஒரு படகுக்காரர்