எந்த வரி தப்புன்னு மட்டும் சொல்லுங்க: சமூக வலைதள நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்துக்கு வணக்கம்.

என் பதிவு போன கதை உங்க ரெக்கார்டுலயே இருக்கும், அதனால முழுசா சொல்லப் போறதில்ல. மால்ல தீப்பிடிச்சா ஜனங்க இறங்கி ஓட வேண்டிய படிக்கட்டுல அட்டைப்பெட்டியா அடுக்கி வச்சிருந்தாங்க, போட்டோ எடுத்தேன். செக்யூரிட்டி வந்து "பிரைவேட் பிராப்பர்ட்டி சார், கிளம்புங்க"ன்னார். அவங்க இடம், கிளம்பிட்டேன். அதே போட்டோவ நாலு வரியோட உங்க தளத்துல போட்டா நீங்களும் தூக்கிட்டீங்க. காரணம், "சமூக விதிமுறைகளை மீறியது". எந்த விதி, எந்த வரி?

மேல்முறையீடு பண்ணலாம்னு பட்டன அமுக்கினா ரெடிமேடா சில காரணம் வருது, அதுல ஒண்ணத் தொட்டுட்டு அனுப்பணும், நம்ம பக்கத்த டைப் பண்ண ஒரு கட்டம் கூட இல்ல. இதுல பெரிய கொடுமை என்னன்னா நீக்கின பதிவ எனக்கே காட்ட மாட்டேங்குறீங்க, நான் என்ன எழுதினேன்னே பார்க்காம அது ஏன் தப்பில்லன்னு நான் வாதாடணுமாம். அனுப்பிட்டு போன கீழ வைக்கல, பதில் வந்துருச்சு: "கவனமாக ஆய்வு செய்தோம், முடிவில் மாற்றமில்லை". அவ்ளோ வேகமா கவனமா படிச்ச அந்த புண்ணியவான் யாருங்க?

கருத்து சுதந்திரம்னு கொடி புடிக்க வரல. பேச்சுரிமை பெரும்பாலும் அரசாங்கத்தோட கையத்தான் கட்டும், தனியார் கைய இல்லன்னு தெரியும். 1946ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், மார்ஷ் வழக்குல, ஒரு கம்பெனிக்கே சொந்தமான ஊர்ல துண்டறிக்கை குடுத்த பெண்ணுக்கு சாதகமா தீர்ப்பு குடுத்துச்சு, இடத்த பொதுமக்களுக்கு திறந்துவிட திறந்துவிட ஓனரோட உரிமையும் சுருங்கும்னு சொல்லுச்சு. அதே கோர்ட் 1972ல மால் ஓனர் பக்கம் சாஞ்சிருச்சு, ஆன்லைன் தளத்துக்கு மார்ஷ் தீர்ப்பு பொருந்தாதுன்னு அங்க கீழ இருக்குற கோர்ட்டும் சொல்லியாச்சு. சரி, இடம் உங்களுதுதான். ஆனா ஐரோப்பிய யூனியனோட டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, பதிவ தூக்கினா எந்த விதி, ஏன்னு எழுதிக் குடுக்கணும், மெஷின் முடிவு பண்ணுச்சான்னும் சொல்லணும், மேல்முறையீட்ட மெஷினே முடிச்சு வைக்கக்கூடாது. அங்க குடுக்குற மரியாதைய மத்தவங்களுக்கும் குடுத்தா என்ன குறைஞ்சிடப் போகுது?

பிரபலம் ஒருத்தர் மூஞ்சிய ஒட்டி "ஒரே வாரத்துல பணம் டபுள்"னு வர்ற விளம்பரத்த ரிப்போர்ட் பண்ணா மட்டும் "விதிமீறல் எதுவும் இல்லை". ஆமா, அவன் காசு கட்டுறான், நான் ஓசில எழுதுறேன். நல்ல சமூகம், நல்ல விதிமுறை!

சரி, கோவத்த ஓரமா வைக்கிறேன். பதிவ திருப்பிப் போடுங்கன்னு கூட கேக்கல. எந்த வரி எந்த விதிய மீறுச்சுன்னு சொல்லுங்க, மேல்முறையீட்ட ஒரு மனுஷன் படிக்கட்டும், பதிவையும் பக்கத்துலயே காட்டுங்க. தப்பான வரி இருந்தா அத எடுத்துட்டு மறுபடி போட்டுக்குறேன். தயவுசெஞ்சு இத ஒரு ஆள் படிச்சு பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க யூசர்கள்ல ஒருத்தன்