நம்ம வேலூர் சபை மிஷன் சங்கம் – 2024-25 ஆண்டறிக்கை (வர முடியாதவங்களும் படிக்கணும்னு முழுசா போடுறேன்)

அன்பான சபையாருக்கும் சங்க அங்கத்தினர் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சு பாரிஷ் ஹால்ல நடந்த பொதுக்குழுவுல நான் வாசிச்ச அறிக்கை இது. வந்தவங்க ரொம்ப கம்மி, கோரம் சேர்றதுக்கே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், பந்தல் போட்ட தம்பிங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சாங்க ஆனா அவங்க அங்கத்தினர் இல்லன்றதால கணக்குல சேர்க்க முடியல. அதனாலதான் முழுசா டைப் பண்ணி போடுறேன், வராதவங்க தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

மாசக் கூட்டம் ரெண்டாம் சனிக்கிழமைல வழக்கம் போல நடந்துச்சு. அறுப்பின் பண்டிகைல ஸ்டால் போட்டோம். கிறிஸ்மஸ் கேரல் சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம் ரெண்டு பக்கமும் போனோம். லெந்து நாள்ல உபவாச ஜெபம் நடந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். 2023ல நம்ம சபைப் பொண்ணு, எல்லாருக்கும் தங்கச்சி மாதிரி, கென்யாவுக்குப் போனது தெரியும். நைரோபிக்கு அந்தாண்ட கிஜாபேன்னு ஒரு மலை ஊர், அங்க ரிஃப்ட் வேலி அகாடமின்னு 1906ல ஆரம்பிச்ச போர்டிங் ஸ்கூல், மிஷனரிங்க பிள்ளைங்களுக்காகவே வச்சது. 1909ல அமெரிக்க ஜனாதிபதியா இருந்துட்டு வந்த ரூஸ்வெல்ட்டு கல்லு நாட்டின கட்டடம் இன்னும் அங்க நிக்குது. மூணு மாசம் ஸ்கூல், ஒரு மாசம் லீவுன்னு வருஷம் ஓடுது. தங்கச்சி அங்க பொண்ணுங்க டார்ம்ல, அதாவது பிள்ளைங்க தங்குற விடுதியில, உதவியா இருக்காங்க. டீச்சர் வேலை இல்ல. காலைல எழுப்பி விடுறது, துணி, சாப்பாடு, ஹோம்வொர்க், ராத்திரி லைட் அணைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கட்டிலா போய் பேசி ஜெபம் பண்றது, இதுதான் வேலை. சம்பளம்னு ஒண்ணும் கிடையாது, அங்க இருக்குறவங்க எல்லாருமே அவங்கவங்க சபை தாங்குறதுலதான் இருக்காங்க. இதை நாம போன வருஷமே பேசினோம், கை தூக்கி ஒத்துக்கிட்டோம்.

லெட்டர்ல எழுதியிருந்தாங்க, லீவு முடிஞ்சு பிள்ளைங்க திரும்பி வர்ற முதல் வாரம்தான் கஷ்டம்னு. அப்பா அம்மா தெற்கு சூடான்ல, சாட்ல, காங்கோல இருக்காங்க, போன் லைன் கிடைக்கிறதே பெரிசு. ராத்திரி பாத்ரூம்ல போய் தண்ணியத் திறந்து விட்டு அழுவுற பிள்ளை இருக்குதாம், சத்தம் கேக்கக் கூடாதுன்னு. கிஜாபே உயரமான ஊர், குளிரு, அங்க மலேரியா பயம் கம்மி, ஆனா லீவுல கீழ் நாட்டுக்குப் போயிட்டு வந்த பிள்ளைக்கு காய்ச்சல் வந்தா சாதாரண ஜுரம்னு விட முடியாது, உடனே ரத்தம் டெஸ்ட்டுக்கு ஓடணும். அப்படி ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சுல அம்மா இடத்துல உட்கார்ந்தது நம்ம வேலூர்ப் பொண்ணு. ஒரு சனிக்கிழமை இங்கிருந்து கொண்டு போன சீரக சம்பா அரிசியில ஆம்பூர் பிரியாணி பண்ணி டார்ம் பிள்ளைங்க எல்லாருக்கும் போட்டாங்களாம், கொரியா நாட்டுப் பிள்ளை ஒண்ணு மூணு தடவ தட்டை நீட்டுச்சுன்னு எழுதியிருந்தாங்க.

இதுல ஒரு பேச்சு கிளம்புச்சு. "வெள்ளைக்காரப் பிள்ளைங்களைப் பார்த்துக்க நம்ம காசு எதுக்கு, இங்க ஏழைங்க இல்லையா"ன்னு. கூட்டத்துல எழுந்து கேட்டிருந்தா அங்கயே பதில் சொல்லியிருப்பேன், டீக்கடையில கேட்டதால இங்க எழுதுறேன். முதல் விஷயம், அங்க இருக்குறது வெள்ளைக்காரப் பிள்ளைங்க மட்டும் இல்ல, கொரியாவுலருந்தும் ஆப்பிரிக்க நாடுகள்லருந்தும் ஊழியம் பண்றவங்க பிள்ளைங்களும் படிக்குது. ரெண்டாவது, நம்ம ஊரை நினைச்சுப் பாருங்க. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1870ல பிறந்தது பக்கத்துல ராணிப்பேட்டையில. அவங்களே ஒரு மிஷனரி வீட்டுப் பிள்ளை. பெத்தவங்க இந்தியாவுக்குத் திரும்பினப்ப அவங்களை அமெரிக்காவுல சிகாகோல சொந்தக்காரங்க வீட்டுல விட்டுட்டு வந்தாங்க, அப்புறம் மாசசூசெட்ஸ்ல நார்த்ஃபீல்டு போர்டிங் ஸ்கூல்ல படிச்சாங்க. அந்த வயசுல அவங்க எவ்வளவு அழுதிருப்பாங்க, யாரோ ஒரு அக்கா அங்க தலை வாரி விட்டு, காய்ச்சலுக்குத் தண்ணி குடுத்திருப்பாங்க இல்லையா? அந்தப் பொண்ணுதான் டாக்டராகி வந்து 1900ல ஒரே ஒரு கட்டில்ல ஆரம்பிச்சு, 1902ல ஷெல் ஆஸ்பத்திரி, 1918ல பொண்ணுங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல்னு கட்டினது. அதுதான் இன்னிக்கு சிஎம்சி ஆஸ்பத்திரி, அது இருக்குற ஐடா ஸ்கடர் ரோட்டுல நடக்க இடமில்லாம ஜனம் வருது. அவங்க குடும்பம் ஊழியம் பண்ண ஆற்காடு மிஷன்காரங்க பிள்ளைங்க பின்னாடி கொடைக்கானல்ல 1901ல ஆரம்பிச்ச ஸ்கூல்ல தங்கிப் படிச்சாங்க. அந்தப் பிள்ளைங்களை யாரோ பார்த்துக்கிட்டதாலதான் அவங்க அப்பா அம்மா இங்க ஆஸ்பத்திரியிலயும் ஸ்கூல்லயும் நிம்மதியா வேலை செய்ய முடிஞ்சுது. வாங்கின நாமளே குடுக்க யோசிச்சா எப்படி? இது தர்மம் இல்ல, கடன்னு நான் நினைக்கிறேன்.

இந்த வருஷம் நான் செயலாளரா எடுத்துச் செஞ்சது ஞாயிறு போன். நம்மளுக்கும் கென்யாவுக்கும் ரெண்டரை மணி நேரம் வித்தியாசம், அங்க மத்தியானம் ரெண்டுன்னா இங்க நாலரை. அந்த நேரத்துல பிள்ளைங்க கொஞ்சம் அமைதியா இருக்கும். வாரத்துக்கு ஒரு குடும்பம் வீடியோ கால் போட்டு தங்கச்சிகிட்ட பத்து நிமிஷம் பேசணும், அவ்வளவுதான். அட்டவணை போட்டு அவங்கவங்க வாரத்துக்கு முந்தின நாள் ஞாபகப்படுத்தினேன். ஆரம்பத்துல நல்லா போச்சு, பாட்டிங்கதான் ஆர்வமா பேசினாங்க, ஒரு பாட்டி டார்ம் பிள்ளைங்களுக்கே தமிழ்ல தாலாட்டு பாடிக் காட்டினாங்க, பிள்ளைங்க அடுத்த வாரமும் அந்தப் பாட்டி எங்கன்னு கேட்டுச்சாம். ஆகஸ்டுக்கு அப்புறம் பாதி வாரம் யாரும் கூப்பிடல. அந்தப் பொண்ணு போனைக் கையில வச்சிக்கினு உட்கார்ந்திருந்தா, அடுத்தவங்க பிள்ளைங்களுக்கு நாள் பூரா ஆறுதல் சொல்ற பொண்ணுக்கு ஆறுதல் சொல்ல ஆள் வேணாமா? செயற்குழுவுல சிலர் இது தேவையில்லாத வேலைன்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். பணத்தை விட இதுதான் அவங்களைத் தாங்குச்சுன்னு தங்கச்சியே எழுதியிருக்காங்க, லெட்டர் என்கிட்ட இருக்குது, யார் வேணாலும் வந்து படிக்கலாம்.

சந்தா விஷயம். மாசம் 200 ரூபாய், நாமளே சேர்ந்து தீர்மானிச்சது. பாதிக்கு மேல பாக்கி. சிலர் முதல் வருஷத்துலருந்தே குடுக்கல. பேர் போடல, போடவும் மாட்டேன், அவங்கவங்களுக்குத் தெரியும். கஷ்டத்துல இருக்குறவங்க என்கிட்டயோ பொருளாளர் அண்ணன்கிட்டயோ ஒரு வார்த்தை சொன்னா போதும், யாரையும் கட்டாயப்படுத்தல. ஆனா கல்யாண வீட்டுல மொய் எழுதுறப்ப பின்வாங்காதவங்க இதுக்கு மட்டும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு சொல்றது மனசுக்கு வருத்தமா இருக்குது.

கணக்கைப் பொறுத்த வரைக்கும் வரவு செலவு ஏறக்குறைய சரியா இருக்குது, கொஞ்சம் பற்றாக்குறையா வந்ததை செயற்குழுவுல ரெண்டு மூணு பேர் போட்டுச் சமாளிச்சோம், ஆடிட் முடிஞ்சதும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். வெளிநாட்டுக்கு சங்கம் பேர்ல ஏன் நேரா அனுப்பலன்னு கேக்குறாங்க. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வச்சிருக்குற எல்ஆர்எஸ்ன்ற திட்டம் தனி ஆளுங்களுக்குத்தான், சங்கத்துக்குக் கிடையாது. அதனால தங்கச்சியோட இங்குள்ள அக்கவுண்டுல போடுறோம், ரசீது எல்லாம் ஃபைல்ல இருக்குது.

ஆயர் ஐயாவுக்கும், ஹாலைத் திறந்து விடுற கோயில்பிள்ளை அண்ணனுக்கும், ஸ்டால்ல நின்ன அக்காமாருக்கும், கேரலுக்கு வேன் குடுத்தவருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் பத்தி. தங்கச்சிக்கு ஜூலையோட ரெண்டு வருஷம் முடியுது. இன்னும் ஒரு வருஷம் இருக்க ஆசைப்படுறாங்க, பிள்ளைங்களும் கேக்குது, ஆனா சபை தாங்குமான்னு தயங்கி எழுதியிருக்காங்க. காட்பாடியிலருந்து ஒரு தம்பியும் பி.எட் முடிச்சுட்டு பையன்க டார்முக்குப் போகத் தயார்ன்றாரு. பிள்ளைங்க நடுவுல வேலைன்றதால பாஸ்போர்ட் ஆபீஸ்ல போலீஸ் கிளியரன்ஸ் வாங்கணும், மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடணும், அது பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டிருக்கணும். செப்டம்பர் டேர்முக்குப் போகணும்னா இப்பவே ஆரம்பிச்சாதான் ஆவும். டிக்கெட்டுக்கு யாராவது மனசு வச்சா மீதிய சங்கம் பார்த்துக்கும்.

ரெண்டு பேருக்கும் பதில் சொல்ற கூட்டம் வர்ற ரெண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதே ஹால்ல. பாக்கி வச்சிருக்கவங்களும் வாங்க, ஓட்டு உங்களுக்கும் உண்டு. ஞாயிறு போனுக்கு மே, ஜூன் வாரங்கள் காலியா இருக்குது, எந்த வாரம் வேணும்னு எனக்கு மெசேஜ் போடுங்க.

இப்படிக்கு,
செயலாளர்