தமிழ்த்துறை நெறியாளர்களுக்கு: சதவீதத்தைக் குறைத்து வரச் சொல்லி அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தமிழ் ஆய்வேடுகள் கையெழுத்துப் பிரதியாக வந்துகொண்டிருந்த காலத்திலிருந்தே அடித்துக் கொடுக்கிறேன். உங்களில் பலருடைய ஆய்வேடும் இதுபோல ஒரு கடையில்தான் உருவாகியிருக்கும், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஆய்வேடு கொடுக்கும் நாள் நெருங்கினால் பிள்ளைகள் கையில் ரிப்போர்ட்டோடு வந்து நிற்கிறார்கள். ஆய்வேட்டில் எத்தனை சதவீதம் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் ஒப்பிட்டு, ஒத்த இடங்களைச் சிவப்பாகக் காட்டும் ரிப்போர்ட் அது. "அண்ணே, 38 வந்திருக்கு, 10-க்குக் கீழ கொண்டு வரணும்." அந்த 38 எதனால் வந்தது, யாருடைய வரிகள் அவை, ஏன் அடிக்குறிப்பு இல்லை என்று கேட்டால் முழிக்கிறார்கள். கைடு, அதாவது நெறியாளர், என்ன சொன்னார் என்றால், "குறைச்சுட்டு வான்னு சொன்னாங்க." அவ்வளவுதான். நான் முடியாது என்றால் அடுத்த தெருவில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்து தர ஆள் இருக்கிறது, செய்துகொண்டு பிரிண்ட் எடுக்க மறுபடி என்னிடமே வருகிறார்கள்.

அப்படி வந்த பக்கங்களை நீங்கள் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். "கூறுகிறார்" எல்லாம் "மொழிகிறார்" ஆகியிருக்கும். வாக்கியத்தின் வால் தலைக்கு வந்திருக்கும். இன்னொருவர் கண்டுபிடித்த கருத்து அப்படியே இருக்கும், அவர் பெயர் மட்டும் இருக்காது. இதைவிடக் கொடுமை, சங்கப் பாட்டில் கை வைப்பது. குறுந்தொகைப் பாட்டு ஒன்று ரிப்போர்ட்டில் சிவப்பாகக் காட்டுகிறது என்று ஒரு பையன் நடுவில் இரண்டு சீரை மாற்றிக் கொண்டுவந்திருந்தான். வேறு சிலர் பாட்டுகளையெல்லாம் படமாக எடுத்து ஒட்டித் தரச் சொல்கிறார்கள், படத்தை மென்பொருள் படிக்காதாம். மேற்கோள் காட்டுவதே குற்றம் என்று ஒரு தமிழ் ஆய்வு மாணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அவருக்கு யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தது?

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அப்படிச் சொல்லவே இல்லை. ஆய்வுத் திருட்டைத் தடுக்க 2018-இல் வந்த அதன் விதிமுறையில், ஆதாரம் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. துணைநூற்பட்டியலும் சேராது. பொதுவாக எல்லோரும் சொல்லும் தொடர்கள் 14 சொல் வரை சேராது. அதற்கப்புறம்தான் சதவீதம் வருகிறது: 10 வரை தண்டனை இல்லை, 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60 வரை என்றால் ஒரு வருடத்துக்குத் திருத்திய பிரதியையே கொடுக்க முடியாது, அதையும் தாண்டினால் பதிவு ரத்து. பாட்டுக்கு மேற்கோள்குறி போட்டு, மேற்கோள்களை விலக்கும் அமைப்பையும் தேர்ந்துகொண்டு ஓட்டினாலே பாதிப் பிள்ளைகளின் பயம் போய்விடும். அதைச் சொல்ல உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

இந்த எண்ணை நம்பி நீங்கள் கையெழுத்துப் போடுவதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும், கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள், அப்புறம் ஒரு அரைப்புள்ளி. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடு முறையில் இணையத்தில் இருக்கும் கட்டுரையை அப்படியே பாமினிக்கு மாற்றி ஆய்வேட்டில் ஒட்டினால், ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு. எதுவும் சிக்காது. அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்தாலும் அப்படித்தான், அந்தப் புத்தகம் மின்வடிவில் எங்கும் இல்லாவிட்டால் அது எதோடு ஒப்பிடும்? நேர்மையாகக் குறளை எடுத்துக்காட்டியவருக்கு 38, ஒரு இயல் முழுக்க அள்ளியவருக்கு 4. இந்த இரண்டையும் நான் ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

நாட்டார் வழக்காற்று ஆய்வேடு ஒன்று. தாலாட்டும் ஒப்பாரியும் தொகுத்தது, பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல், அதாவது பாடிக் கொடுத்தவர்களின் பட்டியல். பெயர், வயது, ஊர், தொழில் என்று கட்டம் போட்டு வந்தது. அடிக்கும்போதே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பழைய கோப்புகளில் தேடினால், வருடங்களுக்கு முன்னால் நானே அடித்துக் கொடுத்த வேறொருவரின் ஆய்வேட்டில் அதே பட்டியல் இருக்கிறது. அதே பாட்டிகள். நடவு வேலை செய்யும் ஒரு பாட்டிக்கு அதில் 72 வயது, இதிலும் 72. முதலில் தொகுத்தவர் அந்த ஊர்களில் வெயிலில் அலைந்திருப்பார், வாசலில் உட்கார்ந்து அந்த அம்மாக்களைப் பாட வைத்திருப்பார். அவருடைய உழைப்பும் போனது, பாடிய அந்த அம்மாவும் யாரும் நேரில் போய்ப் பார்க்காமலேயே இரண்டாம் தடவை சாட்சி ஆக்கப்பட்டார். ரிப்போர்ட்டில் இது ஒரு சதவீதம்கூடக் காட்டவில்லை, ஏனென்றால் பழையது பாமினியில் அடித்தது, இணையத்திலும் ஏறவில்லை. நெறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "இந்த அம்மாவை எப்போது பார்த்தாய்?"

பழைய தொகுப்பை எடுத்து வேலை செய்வதில் ஒரு தப்பும் இல்லை. இந்தத் தாலாட்டு ஆய்வேட்டைக் கொண்டுவந்தவர் "இன்னார் தொகுத்த பாடல்கள் இவை, அதே ஊர்களில் இன்று யார் பாடுகிறார்கள் என்று பார்க்கப் போனேன்" என்று எழுதியிருந்தால் அது அருமையான ஆய்வு. பிறரிடமிருந்து எடுப்பதை நம் புலவர்கள் மறைத்ததே இல்லையே, இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணிமேகலையில் சாத்தனார் "தெய்வம் தொழாஅள்" குறளை எடுத்துத் தன் வரிகளில் வைக்கும்போது, இது "பொய்யில் புலவன் பொருளுரை", அதாவது வள்ளுவர் சொன்னது, என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். கம்பர் பாயிரத்திலேயே, இக்கதையை வடமொழியில் செய்தவர்கள் மூவர், அவர்களில் முந்தியவரின் (வால்மீகியின்) உரைப்படி தமிழில் சொல்கிறேன் என்கிறார். சொல்லிவிட்டு, வில் முறிப்பதற்கு முன்பே மிதிலையில் இராமனையும் சீதையையும் ஒருவரையொருவர் பார்க்க வைக்கிறார், அது வால்மீகியில் இல்லாதது. வாங்கியது எது என்று சொன்னதால்தான் அவர் கொடுத்தது எது என்று நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. வகுப்பில் இதை இவ்வளவு அழகாக நடத்துகிறவர்கள், ஆய்வேடு என்று வந்ததும் பிள்ளையை எதற்காக ஒரு எண்ணோடு என் கடைக்கு அனுப்புகிறீர்கள்?

உங்களுக்கும் நெருக்கடி உண்டு, தெரியும். ஒருவருக்குக் கீழ் எத்தனையோ பேர், வகுப்பு, விடைத்தாள், கூட்டம். ஆனாலும் அதே விதிமுறைப்படி, இந்த ஆய்வு திருட்டு இல்லாதது என்று சான்றிதழ் தருவது நீங்கள்தான். இப்போது கணினியே கட்டுரை எழுதித் தருகிறது, அதில் ஒப்புமை கிட்டத்தட்ட வராது. இனி அந்த எண் உங்களுக்குக் கொஞ்சமும் துணைக்கு வராது.

ஆகவே கேட்பது இதுதான். கையெழுத்துப் போடும் முன் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தோடு நிற்காமல் உள்ளே திறந்து, சிவப்பாக உள்ள ஒவ்வொன்றையும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். சிவப்பு இல்லாத பக்கங்களில் நாலைந்தை எடுத்து, இது எங்கே படித்தது என்று கேளுங்கள். சொல்லை மாற்றாதே, பெயரைச் சேர் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்பதில்லை. அப்படி அடிக்குறிப்பு சேர்க்க வருகிறவர்களுக்கு, எத்தனை பக்கம் ஆனாலும், அந்தத் திருத்தத்துக்கு என் கடையில் காசு கிடையாது.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரன்