செயலாளரின் ஆண்டறிக்கை: முட்டைப் பெட்டியில் என்ன எழுதி வைக்கிறோம்?

கெக்கோப் பல்லி வளர்க்கும் நம் சங்கத்தார் எல்லாருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கூட்டங்கள் வழக்கம்போல ஸ்காபரோவில் மாதத்துக்கு ஒன்று நடந்தது, பெப்ரவரியில் மட்டும் பனி கொட்டியதால் கைவிட்டோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அதிகம், எனக்கு அதில் பெரிய சந்தோசம்.

இந்த ஆண்டு நாங்கள் அதிகம் பேசியது அல்பினோ, அதாவது கறுப்பு நிறமி இல்லாமல் வெளிர் நிறத்தில் இருக்கும் கெக்கோ பற்றித்தான். நம் உறுப்பினர் அக்கா ஒருவர் இரண்டு அல்பினோ லெபர்ட் கெக்கோக்களைச் சோடி சேர்த்தார். குஞ்சும் அதே வெளிர் நிறத்தில் வரும் என்று ஆசையாகக் காத்திருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விளக்கை அணைத்துவிட்டு முட்டைக்கு அடியில் போன் வெளிச்சத்தைப் பிடித்ததும் உள்ளே ரோசா நிறம், அதில் நூல் மாதிரி ஓடும் சிவப்பு நரம்புகள், மேலே பென்சிலால் போட்ட ஒரு புள்ளி. முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகக்கூடும் என்பதால், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று தெரியத்தான் அந்தப் புள்ளி. கெக்கோ ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும், அப்படி நாலு தடவையில் கிடைத்த எட்டுக் குஞ்சும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட சாதாரணக் குஞ்சுகள். அக்காவின் முகம் வாடிவிட்டது.

அக்காவில் பிழை இல்லை. அல்பினோவில் ட்ரெம்பர், பெல், ரெயின்வோட்டர் என்று மூன்று வகை உண்டு, மூன்றும் வெவ்வேறு மரபணு. தாயிடமும் தகப்பனிடமும் ஒரே வகை வந்து சேர்ந்தால்தான் குஞ்சு அல்பினோவாகும். தாய் பெல், தகப்பன் ட்ரெம்பர் என்றால் எல்லாக் குஞ்சும் பார்வைக்குச் சாதாரணம், ஆனால் இரண்டு மரபணுவையும் உள்ளே ஒளித்து வைத்திருக்கும். விற்றவர் "அல்பினோ" என்று மட்டும் சொல்லி விற்றிருக்கிறார். இப்போது அந்த எட்டையும் வாங்குகிறவர் விவரம் தெரியாமல் தங்களுக்குள்ளேயே சோடி சேர்த்தால், அடுத்த தலைமுறையில் பிறக்கும் அல்பினோ எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது பெரும்பாடு. அதனால் அக்கா ஒன்றையும் விற்கவில்லை, எட்டையும் தானே வளர்க்கிறார். பதினைந்து இருபது வருசம் உயிர் வாழக்கூடிய பிராணி இது, அவருடைய மனசுக்கு நான் தலைவணங்குகிறேன்.

அடுத்தது லெமன் ஃப்ரொஸ்ட் என்ற நிறவகைக் கெக்கோ. அந்த எலுமிச்சை மஞ்சள் நிறம் யாரையும் மயக்கும், எனக்கும் ஒருகாலம் வாங்க ஆசை இருந்தது. அண்ணை ஒருவர் தன்னுடையதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து என் கையில் வைத்தார், வயிற்றுத் தோலுக்கு அடியில் அரிசிமணி அளவில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள், விரலில் தட்டுப்பட்டன. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டதைத் தம்பி ஒருவர் அன்றைக்கு விளக்கினார்: அந்த நிறத்தைத் தருகிற அதே மாற்றம்தான் தோலுக்கு வெள்ளை நிறம் தருகிற அணுக்களைக் கட்டுமீறிப் பெருக வைக்கிறது, இவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தோல் கட்டி வருகிறது. நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோயை விலக்க வழி இல்லை. எனிக்மா என்ற இன்னொரு நிறவகையும் இதே கதை, அதற்கு நரம்புக் கோளாறு, தலையைச் சரித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும், கண்முன் நெளிகிற புழுவைக்கூடக் கவ்வத் தவறும்.

சரி, நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு முடிவு இதுதான்: சங்க உறுப்பினர்கள் இந்த இரண்டையும் இனி இனப்பெருக்கம் செய்வதில்லை, விற்பதில்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கடைசிவரை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கு இதில் உடன்பாடில்லை, அதையும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன்.

அப்புறம், இனி ஒவ்வொரு முட்டைப் பெட்டியிலும் தாய், தகப்பன், அல்பினோ என்றால் எந்த வகை, இட்ட தேதி, வெப்பநிலை எல்லாம் எழுதி ஒட்டுங்கள். வெப்பநிலை ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். 26 பாகை செல்சியஸில் வைத்தால் அநேகமாக எல்லாம் பெட்டை, 32.5இல் பெரும்பாலும் கடுவன், 34ஐத் தாண்டினால் திரும்பவும் பெட்டைதான் கூட.

சங்கத்தின் இன்கியுபேட்டர் என் வீட்டில் இருக்கிறது. முட்டை வைக்க இருப்பவர்கள் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லுங்கள், சூடு நிலைக்கு வர நேரம் வேண்டும்.