கண்டுபிடித்த எண்ணெயை முதலில் மேலே கொண்டுவருவோம்

ஆசிரியருக்கு,

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதியை நம்பியிருக்கிறோம், எனவே புதிய வயல்களைத் தேட வேண்டும் என்ற உங்கள் தலையங்கம் படித்தேன். தேடட்டும், சரி. ஆனால் குஜராத்தின் மெஹ்சானா பக்கம் பலோல், சந்தால், லன்வா வயல்களில் ஏற்கெனவே கண்டுபிடித்த கன எண்ணெயே முழுதாக மேலே வந்துவிடவில்லையே! பாகு போன்ற இந்த எண்ணெய் தானாகப் பொங்கி வராது. பலோலிலும் சந்தாலிலும் நிலத்தடிக்குக் காற்றைச் செலுத்தி, எண்ணெயில் ஒரு பகுதியை அங்கேயே எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்குகிறார்கள், அப்புறமும் பம்பு வைத்துத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பகுதியில் பம்பு பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான். கிணற்றுக்குள் நீளத் தண்டு மேலும் கீழும் போய்வந்து எண்ணெயை இழுக்கும் தண்டு பம்பு என்றால், கெட்டி எண்ணெய்க்குள் தண்டு கீழே இறங்கவே தாமதமாகும், அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் தண்டு முறியும். உள்ளே திருகு சுழன்று எண்ணெயை மேலே தள்ளும் திருகு பம்பு, கெட்டி எண்ணெயையும் மணலையும் நன்றாகச் சமாளிக்கும், ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் அதிகச் சூடு தாங்காது. எல்லாக் கிணறுகளுக்கும் ஒரே வகைப் பம்பு என்பது சரிவராது. கிணறுவாரியாகச் சூடு, மணல், கெட்டித்தன்மை பார்த்துப் பம்பைத் தேர்வு செய்யட்டும். எந்தப் பம்பு எத்தனை நாள் பழுதில்லாமல் ஓடியது என்ற கணக்கைப் பெட்ரோலிய அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

- வாசகர், கோவை