அம்மு, சௌந்தரம், அப்புறம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்றத்தில் பெண்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தீர்கள், நன்றி. ஆனால், 1952 முதல் பெண்களின் எண்ணிக்கை படிப்படியாக உயர்ந்து வந்திருக்கிறது என்று அதில் இருந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. படிப்படியாக எல்லாம் உயரவில்லை. ஏறியது, சறுக்கியது, பல வருடம் அசையாமலும் கிடந்தது. எங்கள் ஊர்க் கதையைச் சொன்னால் நான் சொல்ல வருவது புரியும்.

நான் திண்டுக்கல்காரி. 1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் எங்கள் தொகுதி டெல்லிக்கு அனுப்பியது ஒரு பெண்ணை. அம்மு சுவாமிநாதன். பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையில் பிறந்து, சின்ன வயதிலேயே கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவர். அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் அவரும் ஒருவர். நம் சென்னை மாகாணத்திலிருந்து போன துர்காபாயும் தாட்சாயணி வேலாயுதனும் அந்தப் பதினைந்தில் உண்டு. அரசியல் சாசனம் முடிவாகும் நேரத்தில், 1949 நவம்பரில், அம்மு பேசிய பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். இது இவ்வளவு நீளமாக இருக்க வேண்டுமா, கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொண்டு போகிற அளவில் ஒரு சின்னப் புத்தகமாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன் என்று சபையிலேயே சொன்னார். சட்டம் சாதாரண மனுஷியின் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஒருவர் எங்கள் ஊர் எம்.பி.யாக இருந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

1962-ல் மறுபடியும் ஒரு பெண், டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். அவரைப் பற்றி எங்கள் பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டி.வி.எஸ். குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே விதவையாகி, அதற்குப் பிறகு டாக்டருக்குப் படித்து, மறுமணமும் செய்துகொண்டு, கணவரோடு காந்திகிராமத்தை உருவாக்கியவர். டெல்லியில் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார். என் தம்பி பிறந்தது காந்திகிராமம் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில்தான். பிரசவம் பார்க்க அம்மாவை வண்டியில் கூட்டிக்கொண்டு போன கதையைப் பாட்டி கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரி கட்டின அம்மாவுக்கு ஓட்டுப் போடாமல் யாருக்குப் போடுவது என்று அந்தக் கதையோடு சேர்த்தே சொல்லுவார்.

ஆக, முதல் மூன்று தேர்தல்களில் இரண்டு முறை பெண்கள். அதன் பிறகு? 1962-க்குப் பின் நடந்த எந்தத் தேர்தலிலும், புகழ்பெற்ற 1973 இடைத்தேர்தல் உட்பட, திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண்கூட மக்களவைக்குப் போகவில்லை. அறுபது வருடம் தாண்டிவிட்டது. இதை எப்படி ஐயா படிப்படியான உயர்வு என்று சொல்வது?

நாடு முழுக்கவும் இதே கதைதான். முதல் மக்களவையில் 489 இடங்களில் இருபத்துச் சொச்சம் பெண்கள், நூற்றுக்கு ஐந்து பேர்கூட முழுசாக இல்லை. 25 வருடம் கழித்து 1977-ல் 542 பேரில் பெண்கள் வெறும் 19. இத்தனைக்கும் அதுவரை பதினொரு வருடமாக நாட்டை ஆண்டவர் ஒரு பெண் பிரதமர். அந்தப் பத்தொன்பதில் ஒருவர் கோயம்புத்தூரில் ஜெயித்த பார்வதி கிருஷ்ணன் என்பது நமக்கு ஒரு ஆறுதல். 1984-ல் நாற்பதைத் தாண்டியது, 1989-ல் முப்பதுக்குக் கீழே விழுந்தது. பத்து சதவீதத்தைத் தாண்ட 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019-ல் 78 பேர், அதுதான் இதுவரை அதிகம். 2024-ல் 74. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் மகளிர் மசோதாவுக்குக் கிட்டத்தட்ட மொத்த சபையும் கைதட்டி ஓட்டுப் போட்ட அடுத்த வருடமே நான்கு பேர் குறைந்தார்கள்.

பெண்களுக்குப் பெண்களே ஓட்டுப் போடுவதில்லை என்ற பேச்சு எங்கே போனாலும் காதில் விழுகிறது. பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறேன். ஒரு முறை வயதான அம்மா ஒருவர் வந்தார். பட்டியலில் அதே பெயரில் இரண்டு பேர் இருந்ததால் கணவர் பெயரைக் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. கடைசியில் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அந்த மலையில இருக்கிற சாமி பேரு" என்றார். பழனிசாமியா என்று கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு. விரலில் மை வைத்ததும் அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நேராகப் போய் ஓட்டுப் போட்டார்.

அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வந்தது முதல் தேர்தலின் வாக்காளர் பட்டியல். அப்போது வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் சொந்தப் பெயரையே சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் எழுதிக்கொடுத்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பெயர் இல்லாமல் பதிவு இல்லை என்று கறாராக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அப்போது அது கொடுமையாகத் தெரிந்திருக்கலாம். எனக்கென்னவோ அவர் செய்தது சரி என்றுதான் படுகிறது. ஒரு பெண் தன் பெயரில்தான் குடிமகள், இன்னொருவர் பெயரில் அல்ல என்று இந்த நாடு முதல் தேர்தலிலேயே சொல்லிவிட்டது.

அங்கிருந்து பெண்கள் எங்கே வந்து நிற்கிறார்கள் என்று பாருங்கள். 1962-ல் ஓட்டுப் போட்ட ஆண்கள் 63 சதவீதம், பெண்கள் 47 சதவீதம்தான். 2019-ல் பெண்கள் ஆண்களை ஒரு மயிரிழை தாண்டினார்கள், 2024-லும் அப்படியே. உண்மையில், ஏற்ற இறக்கம் இருந்தாலும், உயர்ந்து வந்தது இந்தக் கணக்குதான், அது பெண்கள் தாங்களாக நடந்து போய் உயர்த்தியது. பெண்கள் குறைவாக ஓட்டுப் போட்ட காலத்தில் திண்டுக்கல்லில் பெண் ஜெயித்தார். சரிக்குச் சரியாக ஓட்டுப் போடும் காலத்தில் ஜெயிக்கவில்லை. அப்படியென்றால் தடை வாக்காளர் பக்கம் இல்லை. கட்சி அலுவலகத்தில், வேட்பாளர் பட்டியல் எழுதுகிற அறையில்தான் இருக்கிறது.

ஜெயிக்கிற வேட்பாளர் வேண்டாமா என்று அங்கே கேட்பார்கள். 2024-ல் நாடு முழுக்க நின்ற 8,300-க்கும் மேற்பட்டவர்களில் பெண்கள் சுமார் 800, அதாவது பத்து சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஜெயித்தவர்களில் பெண்கள் 13 சதவீதத்துக்கும் மேல். சுயேச்சையாக நிற்கும் ஆண்கள் ஏராளம் என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் பெண்கள் பக்கம் சாயும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெண்ணை நிறுத்தினால் தோற்போம் என்பதற்கு இதில் ஆதாரம் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டின் 39 பேரில் இப்போது பெண்கள் ஐந்து பேர். 2019-ல் மூன்று பேர்தான்.

ஒதுக்கீடு பற்றி உங்கள் கட்டுரை சுருக்கமாகத்தான் சொன்னது. அரசியல் நிர்ணய சபையில் ரேணுகா ராய், ஹன்சா மேத்தா போன்றவர்கள் தனி ஒதுக்கீடு வேண்டாம் என்றார்கள். சுதந்திர நாட்டில் திறமைக்குக் கதவு திறக்கும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அது பொய்த்துப் போனது. 1974-ல் பெண்களின் நிலை பற்றிய அரசுக் குழு அறிக்கை கொடுத்தபோதே, லோதிகா சர்க்கார் போன்ற உறுப்பினர்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற ஒதுக்கீடு தேவை என்று தனியாக எழுதி வைத்தார்கள். 1996 செப்டம்பரில் தேவகவுடா அரசு மசோதா கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த, கீதா முகர்ஜி எம்.பி. தலைமையிலான நாடாளுமன்றக் குழு அதே வருடம் டிசம்பருக்குள் அறிக்கையைக் கொடுத்தும் விட்டது. இந்த விஷயத்தில் மளமளவென்று நடந்தது அது ஒன்றுதான். 1998-ல் சட்ட அமைச்சராக இருந்த நம் தம்பிதுரை அதைத் தாக்கல் செய்யப் போனபோது, ஓர் உறுப்பினர் சபாநாயகரிடமிருந்து காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தே போட்டார். 2010 மார்ச் 9-ல் ஏழு உறுப்பினர்களை இடைநீக்கம் செய்து, காவலர்களை வைத்து வெளியேற்றி, மாநிலங்களவையில் 186-க்கு 1 என்று நிறைவேறியது. மக்களவை அதை எடுக்கவே இல்லை. 2014-ல் காலாவதி. கீதா முகர்ஜி 2000-லேயே காலமாகிவிட்டார்.

2023 செப்டம்பரில் ஒருவழியாக அந்த ஒதுக்கீடு அரசியல் சாசனத்தின் 106-வது திருத்தமாக வந்தது. மக்களவையில் 454-க்கு 2. நான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அந்தச் சட்டத்தின்படி, அது வந்த பிறகு நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, அதை வைத்துத் தொகுதி மறுவரையறையும் நடந்த பின்தான் இடம் ஒதுக்குவார்கள். கல்யாணம் நிச்சயம் பண்ணிவிட்டு, புது வீடு கட்டி முடித்த பிறகுதான் தாலி என்று சொன்ன மாதிரி.

பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு எங்கே என்ற கேள்வி நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதைக் கேட்கும் கட்சிகளைப் பார்த்து நானும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பட்டியலில் பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு எத்தனை இடம் கொடுத்தீர்கள்? அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாமே. 2019-ல் ஒடிசாவில் நவீன் பட்நாயக் 21 தொகுதிகளில் 7 பெண்களை நிறுத்தினார். இங்கே நாம் தமிழர் கட்சி பாதிக்குப் பாதி நிறுத்துகிறது. அவர்களுடைய மற்றக் கொள்கைகள் எப்படியோ, சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று இவர்கள் காட்டிவிட்டார்கள்.

உள்ளாட்சியில் 1996 முதல் மூன்றில் ஒரு பங்கும் 2016-ல் வந்த திருத்தத்தால் பாதியும் பெண்களுக்குக் கிடைத்தது. வீட்டுக்காரர்தானே எல்லாம் பார்க்கிறார் என்று கேலி செய்வார்கள். எங்கள் பக்கத்து ஊராட்சியில் தலைவராக வந்த ஒரு பெண், முதல் வருடம் கணவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டதை நானே பார்த்தேன். மூன்றாவது வருடம் குடிதண்ணீர்க் குழாய் பில் வந்தபோது, எத்தனை அடி குழாய் இறக்கினீர்கள் என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் தானே அளந்தார். கணவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இப்படிப் பழகி வந்த பெண்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மேலே போக அவர்களுக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மக்களவைத் தேர்தலில் கட்சிகளின் வேட்பாளர் பட்டியலை வெளியிடும்போது, ஒவ்வொரு பட்டியலுக்கும் கீழே பெண்கள் எத்தனை பேர் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். கூட்டணிக்குத் தள்ளிவிட்ட தொகுதிகளையும் சேர்த்தே போடுங்கள். இதழ் கைக்கு வந்ததும் நான் முதலில் திண்டுக்கல்லைத்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
சின்னாளப்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்.